துண்டு போட்டுப் பிடித்த இடம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம், சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. இப்போது நன்றாகப் பார்வை தெரிகிறது. நான் முடிவெட்டாமல் திரிவதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்.

பைத்தான் மொழியில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுதும்படி ஃபைலைப் பூட்டி எழுதுகிறேன், சில நேரம் பூட்டு விடுபடாமல் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய், நான் அதில் அடிபட்டு மூன்று மாதம்தான் ஆகிறது.

ஒரு ஜவுளிக்கடைக்கு ரசீது எண் கொடுக்கும் சின்ன புரோகிராம். நானே எழுதியது, வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. அடுத்த எண் ஒரு ஃபைலில் இருக்கும். நாலு கவுன்ட்டருக்கு நாலு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்), எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில். ஒவ்வொன்றும் எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதும். தீபாவளிக் கூட்டத்தில் ஒரே எண்ணில் இரண்டு ரசீது வந்தது. மறுவாரம் ஃபைலே காலி.

பூட்டு போடாமல் இல்லை. ஃபைலைத் திறந்து, ஃபைலைப் பூட்டும் ஃப்ளாக் என்ற லினக்ஸ் வசதி கொண்டு பூட்டி, எழுதி, பூட்டை விடுவித்து, அப்புறம் மூடினேன். பார்த்தால் ஒழுங்காகத்தானே தெரிகிறது? கோளாறு கடைசி இரண்டின் வரிசையில். ரைட் என்று சொன்னதும் பைத்தான் எழுத்தை ஃபைலுக்கு அனுப்பிவிடுவதில்லை, பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் வைத்துக்கொள்ளும். வழக்கமாக அது பல ஆயிரம் பைட் கொள்ளும். என் எண்ணோ ஆறு இலக்கம். ஆக, நான் பூட்டை விட்ட கணத்தில் புது எண் இன்னும் என் ப்ராசஸின் மடியிலேயே இருந்தது. அந்த இடுக்கில் அடுத்த கவுன்ட்டர் நுழைந்து, பழைய எண்ணைப் படித்துக்கொண்டு போய்விட்டது.

ஃபைல் காலியானது வேறு கூத்து. நாள் முடிவில் எண்ணைத் திருத்தும் இன்னொரு புரோகிராமில் 'டபிள்யூ' முறையில், அதாவது புதிதாக எழுதும் முறையில், திறந்திருந்தேன். அப்படித் திறந்தாலே உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். பூட்டுக்குக் காத்திருப்பது அதற்குப் பிறகுதான். வேறொரு ப்ராசஸ் பூட்டி வைத்திருந்த ஃபைலை, வெளியே வரிசையில் நின்றுகொண்டே துடைத்திருக்கிறேன்!

இப்போது பூட்டை விடுவிக்கும் வரியையே நான் எழுதுவதில்லை. 'வித்' போட்டுத் திறக்கிறேன், உள்ளே பூட்டுகிறேன், எழுதுகிறேன், அவ்வளவுதான். 'வித்' முடியும்போது பைத்தான் முதலில் பஃபரில் இருப்பதை வெளியே தள்ளும், பிறகு ஃபைலை மூடும். மூடியதும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பூட்டைத் தானே எடுத்துவிடும். நடுவில் எக்ஸெப்ஷன், அதாவது ஓட்டத்தை முறிக்கும் பிழை, வந்தாலும் இதே வரிசைதான். 2006இல் வந்த பைத்தான் 2.5ஆம் பதிப்பிலேயே இருக்கும் வசதி, எனக்குத்தான் புத்தி வர இத்தனை வருஷம்.

உனக்கு நேர்ந்திருப்பது வேறு. எழுதும்போது எக்ஸெப்ஷன் வந்தால் நீ விடுவிக்கும் வரிக்கே போவதில்லை. "ஃபங்ஷன் முடிந்ததும் ஃபைல் தானே மூடிக்கொள்ளுமே" என்கிறாய். சாதாரண பைத்தானில் பெரும்பாலும் மூடும். ஆனால் நீ அந்த எக்ஸெப்ஷனை, பிற்பாடு அறிக்கை அனுப்ப, ஒரு லிஸ்டில் சேர்த்து வைக்கிறாயே! அந்த எக்ஸெப்ஷன் தன் டிரேஸ்பேக்கை, அதாவது பிழை வந்த வழியின் பதிவை, பிடித்துக்கொண்டிருக்கும். டிரேஸ்பேக் அந்த ஃபங்ஷனின் மாறிகளை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் உன் ஃபைலும் ஒன்று. லிஸ்ட் இருக்கும்வரை பூட்டும் இருக்கும். 'வித்' போடு, தீர்ந்துவிடும்.

அதற்கும் மசியாத இடம் ஃபோர்க், அதாவது ஒரு ப்ராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குவது. பூட்டைப் பிடித்துக்கொண்டே ஃபோர்க் செய்தால் பிள்ளை ப்ராசஸிடமும் அதே திறந்த ஃபைல் இருக்கும். தாய் மூடினாலும் பிள்ளை மூடும்வரை பூட்டு நிற்கும். அங்கே மட்டும் ஃப்ளஷ் செய்துவிட்டு (பஃபரில் இருப்பதை வெளியே தள்ளிவிட்டு), அப்புறம் உன் கையாலேயே விடுவி.

'.லாக்' என்று ஒரு ஃபைலை உருவாக்கி, அது இருந்தால் பூட்டியாச்சு, அழித்தால் திறந்தாச்சு என்கிற நம் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்தக் கதைதான். துண்டுக்காரன் இறங்கிப் போனாலும் துண்டு சீட்டிலேயே கிடக்கும். யாராவது கில் -9 அடித்து ப்ராசஸை அந்த இடத்திலேயே கொன்றுவிட்டால் அந்த ஃபைலை அழிக்க ஆளில்லை. ஃப்ளாக்கில் ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் கெர்னல் பூட்டை எடுத்துவிடும். (ஃப்ளாக்கும் ஒரு வகையில் துண்டுதான். மதிக்காதவன் தூக்கிப் போட்டுவிட்டு உட்காரலாம். என் 'டபிள்யூ' செய்த வேலை அதுதானே.)

தனியாக ஒரு பூட்டு ஃபைல் வைத்து அதன்மேல் ஃப்ளாக் போடுவது நல்ல முறை. ஆனால் வேலை முடிந்ததும் அதை அழிக்காதே. அழித்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவன் காத்திருப்பான். புதிதாக வந்தவன் அதே பெயரில் வேறொன்றை உருவாக்கிப் பூட்டுவான். இருவருக்கும் பூட்டு கிடைத்துவிடும். சும்மா கிடக்கட்டும், காலி ஃபைல்தானே.

முழு புரோகிராமையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். தை பிறந்ததும் ஊருக்கு வருவாய்தானே? யாருக்கு எழுதுகிறாய் என்று அம்மா கேட்டார், சொன்னேன். உன் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிப் போன நாலடுக்கு டிபன் கேரியரை எடுத்து வரச் சொல்கிறார்.

உன்,
ரவி