குளத்து வரைபுகள் ஒரே ஆவணமாக வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக நெற்செய்கையின் ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர் குளங்களின் நீர்மட்ட வரைபுகளை எங்கள் விவசாய அமைப்புகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனிப் படம். நவகிரி முதலில் வரும், உன்னிச்சை பிறகு வரும், உறுகாமம் காலை வணக்கப் படங்களுக்குள் எங்கேயோ கிடக்கும். வயல் நீரைக் கவனிக்கும் வட்டவிதானைமார் இதையெல்லாம் எப்படித் தேடி அடுக்குவது?

உயர்தரம் படிக்கும் என் மருமகனிடம் காட்டினேன். பைதன் என்ற கணினி மொழியில் சில வரிகள்தான் மாமா என்றான். குளத்துக்கு ஒரு பக்கமாக, எல்லாம் ஒரே பிடிஎப்பில் வந்தன. பைதனில் வரைபு வரைய உதவும் மேட்பிளாட்லிப் என்ற இலவச மென்பொருளில் பிடிஎப்பேஜஸ் என்றொரு வசதி இருக்கிறது. அதில் ஆவணத்தைத் திறந்து, ஒவ்வொரு வரைபாக வரைந்து சேர்த்து, கடைசியில் மூட வேண்டும். அப்படியில்லாமல் ஒரே பெயரில் சும்மா சேமித்துக்கொண்டு போனால் முந்தியவை அழிந்து கடைசிக் குளம் மட்டும்தான் மிஞ்சும். ஆர் என்ற இன்னொரு கணினி மொழியிலும் இப்படிச் செய்யலாமாம்.

வரையும்போது அளவுத்திட்டத்தில் கவனம் வேண்டும். கணினியின் போக்கில் விட்டால் ஒவ்வொரு வரைபுக்கும் அதுவே ஒரு அளவைப் போட்டுக்கொள்ளும். பாதி வற்றிய குளமும் நிரம்பி வான் பாய்வதுபோலத் தெரியும். ஆகவே எல்லாப் பக்கத்திலும் கொள்ளளவின் சதவீதத்தை 0 முதல் 100 வரை என்றே போட வேண்டும். நிறத்தையும் நம்ப முடியாது. வயல் கண்டத்துக்குப் போய்ச் சேருவது கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பி. அதில் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இந்த வருடத்துக்கு முழுக்கோடு, போன வருடத்துக்கு முறிகோடு என்றால் எவருக்கும் புரியும்.

ஒரு குறை: எங்கள் கணினியில் தமிழ்த் தலைப்புகளின் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. அதனால் பிள்ளை குளங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் போட்டுவிட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் இப்போதைக்குச் சரி.

இத்தனைக்கும் அவனுக்கு நேரம் போனது படங்களைப் பார்த்து எண்களைத் தட்டெழுதுவதில்தான். வரைபுகளை அனுப்பும் அலுவலகத்தில் அந்த எண்கள் எக்செல் அட்டவணையாக இருக்கத்தானே வேண்டும்? அதையே அனுப்பினால் போதும். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் இருக்கிறது. வகுப்பில் முதன்மை எண் கண்டுபிடிக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் நவகிரிக் குளத்தின் எண்களையும் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாம்.

விவசாய அமைப்பின் செயலாளர் ஒருவர்,
போரதீவுப்பற்று, மட்டக்களப்பு.