நரம்பு ஓ.பி.யில் யாரும் கேட்காத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளை நோய்கள் ஆணையும் பெண்ணையும் எப்படி வேறுவேறாகத் தாக்குகின்றன என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒற்றைத் தலைவலி பெண்களுக்கு மூன்று மடங்கு அதிகம், பார்க்கின்சன் ஆண்களுக்கு அதிகம், அல்சைமர் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பட்டியல் சரிதான். ஆனால் வலிப்பு நோய்க்கு ஒரே ஒரு வரி. அதுவும் 'இருபாலருக்கும் ஏறக்குறைய சமமாக வருகிறது' என்று முடிந்துவிட்டது. தலையை எண்ணினால் சமம்தான். நான் முப்பத்தோரு வருஷம் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள், வலிப்பு உள்ள ஒருத்திக்கு அக்காள். அந்த ஒரு வரியோடு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மகப்பேறு ஓ.பி.யில் உட்கார்ந்ததும் நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்பம்மா குளிச்சே?" என்பது, அதாவது கடைசி மாதவிலக்கு எப்போது என்று. அந்தத் தேதி சீட்டின் தலையிலேயே ஏறிவிடும். அதே வளாகத்தில் நாலு கட்டடம் தள்ளி நரம்பு ஓ.பி. அங்கே எத்தனை தடவை வந்தது, நாக்கைக் கடித்தாளா, மாத்திரை தவறியதா என்றெல்லாம் கேட்பார்கள். குளித்த தேதியை மட்டும் கேட்க மாட்டார்கள். என் தங்கையோடு பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கண்டுபிடித்தது ஐந்தாம் வகுப்பு வரை படித்த எங்கள் அம்மா. ஜவுளிக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவது அவர் வழக்கம். அதே கட்டத்தின் ஓரத்தில் தங்கை வீட்டுக்குத் தூரமான நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, வலிப்பு வந்த நாளுக்கு நீல மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு வந்தார். நாலைந்து மாதம் போனதும் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்புப் புள்ளிக்கு முந்தின ரெண்டு மூணு கட்டங்களில்தான் நீலம் கும்பலாக நின்றது. மாத நடுவில் எங்கோ ஒன்று. அந்தத் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்று அவர் சுருளைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். அம்மா அப்புறம் வாய் திறக்கவில்லை. குறி போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சம்பந்தம் உண்டு. பெண் ஹார்மோன்கள் இரண்டில் ஈஸ்ட்ரோஜன் மூளைச் செல்களைக் கிளப்பிவிடும், புரோஜெஸ்டரான் அடக்கும். புரோஜெஸ்டரான் உடலில் அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறி, தூக்க மாத்திரைகள் வேலை செய்யும் அதே வாசலில், மூளையை அடக்கும் காபா என்ற ரசாயனத்தின் வாசலில் போய் மூளையை அமைதிப்படுத்துகிறது. மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் புரோஜெஸ்டரான் சட்டென்று இறங்குகிறது. காவல்காரன் போனால் வீடு திறந்துகிடக்கிற கதைதான். வலிப்பு உள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படிச் சுழற்சியோடு ஒட்டி வலிப்பு கூடுகிறது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இவர்களுக்கு புரோஜெஸ்டரானையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இல்லை. மாதவிலக்கை ஒட்டி மூன்று மடங்குக்கு மேல் வலிப்பு கூடியவர்களுக்கு மட்டும் பலன் இருந்தது. அந்த மூன்று மடங்கைக் கணக்குப் பார்க்கத் தேதி வேண்டாமா?

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. வலிப்புக்கு முதன்முதலில் உருப்படியாக வேலை செய்த மருந்து பொட்டாசியம் புரோமைடு. அதை 1857இல் லண்டன் மருத்துவர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னவர் சார்லஸ் லோகாக், விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்த டாக்டர். அவர் அதைக் கொடுத்ததே மாதவிலக்கை ஒட்டி வலிப்பு வந்த பெண்களுக்குத்தான். பதினாலு பதினைந்து பேரில் ஒருத்திக்குத்தான் பலிக்கவில்லை என்றார். பெண்களின் காம உணர்ச்சியால் வலிப்பு வருகிறது, புரோமைடு அதை அடக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பு, மருந்து சரி. ஆக வலிப்பு மருந்தின் கதையே பிரசவ டாக்டரிடமிருந்துதான் தொடங்குகிறது. பிறகு இரண்டு துறைக்கும் நடுவில் யார் சுவர் எழுப்பினார்களோ!

ஆராய்ச்சிக் கூடத்திலும் அந்தச் சுவர்தான். கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த தாலிடோமைட் மாத்திரைக் கொடுமைக்குப் பிறகு, 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளை பெறும் வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். எலிகளுக்கும் இதே விதி. நரம்பியல் ஆய்வுகளில் ஆண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவை, பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல ஐந்தரை மடங்கு இருந்ததாக 2011இல் ஒரு கணக்கு வந்தது. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு சுழற்சி, அதனால் முடிவு குழம்பும் என்பது சாக்கு. 2014இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெண் எலி ஆண் எலியைவிட அப்படி ஒன்றும் மாறிக்கொண்டே இருக்கவில்லை என்று தெரிந்தது.

மருந்தக ஜன்னலுக்கு வருகிறேன். பினிடாயின், கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரைகள் கல்லீரலை முடுக்கிவிட்டுக் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். இது தெரியாத காலத்தில் ஒரே பெண்ணின் கையில் இரண்டையும் நானே எண்ணிக் கொடுத்திருக்கிறேன். லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தின் கதை தலைகீழ். கருத்தடை மாத்திரையும் கர்ப்பமும் அதன் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும், பிரசவம் ஆனதும் அளவு தானாக ஏறிவிடும். வலிப்பு மருந்துகளில் வால்ப்ரோயேட்தான் எல்லாவற்றிலும் மோசம். கர்ப்பத்தில் சாப்பிட்டால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு, மூன்று நாலு பேருக்குப் பேச்சு, படிப்பு, வளர்ச்சியில் சிக்கல். முதுகுத்தண்டுக் குறைபாட்டை 1982லேயே பிரான்சில் கவனித்துவிட்டார்கள். கர்ப்பத் தடுப்புத் திட்டத்தில் சேராத பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டன் கட்டாயமாக்கியது 2018இல். இடையில் முப்பத்தாறு வருஷம்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தங்கை அதைத்தான் செய்தாள். வலிப்பை மறைத்துக் கல்யாணம் நடந்தது. 1999 வரை சட்டத்திலேயே வலிப்பு திருமணத்துக்குத் தடையாக இருந்தது, ஆகவே வீட்டாரைக் குறைசொல்லி என்ன? மாத்திரையைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். உண்டானதும், பிள்ளைக்கு ஆகாதென்று யாரோ சொல்ல, அவளாகவே விட்டுவிட்டாள். ஐந்தாம் மாதம், கஞ்சி வடிக்கப் பானையைச் சாய்த்தபோது வலிப்பு வந்து இடது கை முழங்கை வரை வெந்துபோனது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கர்ப்பத்துக்கு முன்பே மருந்தை மாற்றுவது, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் சேர்ப்பது என்று அவளிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருந்திருந்தால் போதும்.

அப்படிப் பேசும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998இல் வலிப்பும் கர்ப்பமும் பற்றிய பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தாயைப் பின்தொடர்ந்து, பிறந்த பிள்ளை வளர்வதையும் பார்க்கிறார்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்று நம் மண்ணின் கணக்கோடு சொல்ல முடிந்தது அதனால்தான்.

ஆண் வாசகர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். 2024 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை, கரு உண்டாவதற்கு முந்தின மூன்று மாதத்தில் தகப்பன் வால்ப்ரோயேட் சாப்பிட்டிருந்தாலும் பிள்ளையின் வளர்ச்சிக்கு ஆபத்து இருக்கலாம் என்று எச்சரித்திருக்கிறது.

நான் கேட்பது ஆராய்ச்சி நிதி அல்ல. நரம்பு ஓ.பி. சீட்டில் ஒரு வரி இடம் விட்டு, கடைசி மாதவிலக்குத் தேதி என்று அச்சடித்தால் போதும். மை செலவுகூட ஆகாது.

அம்மா போய்ப் பத்து வருஷமாகிறது. தங்கைக்கு இப்போது மாதவிலக்கு நிற்கும் வயது. தேதி முன்பின்னாகப் போவதால் வலிப்பும் முன்பின்னாக வருகிறது. குறியை இப்போது அவளே போட்டுக்கொள்கிறாள். பழைய தாள்கள் என் பீரோவில் கட்டாக இருக்கின்றன. ஆராய்ச்சி செய்கிறவர் யாராவது கேட்டால் தரத் தயார். பால் கணக்கும் சேர்ந்தேதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்.