காது மிஷின் கொடுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காது கேட்கும் கருவி இலவசமாக வழங்கிய முகாம் பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியையும் படத்தையும் பார்த்தேன். நல்ல காரியம்தான். ஆனால் மேடையில் கருவியை வாங்கியவர் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார் என்று எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

நான் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், காற்றை அழுத்தும் இயந்திரங்கள் இரையும் கம்ப்ரசர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குக் காதில் இரண்டு கோளாறுகள். ஒன்று, வலது செவிப்பறையில் ஓட்டை. சிறு வயது முதலே சீழ் வடியும். ஓய்வுக்குப் பிறகு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். காதுக்கு மேலே தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டை எடுத்து ஓட்டையை அடைத்துவிட்டார்கள். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைக்க வேண்டும் என்று சில வாரங்கள் பத்தியம். சவ்வு பிடித்துக்கொண்டது, சீழும் நின்றது.

இரண்டாவது கோளாறு இரைச்சல் தந்தது. உட்காதில் ஒலியை வாங்கி நரம்புக்கு அனுப்பும் நுண்ணிய செல்கள் இரைச்சலில் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆடியோகிராம் என்னும் செவித்திறன் வரைபடம் எடுத்தால், கீச்சென்ற ஒலிகள் இருக்கும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கும். இதற்கு அறுவை சிகிச்சை கிடையாது, மிஷின்தான். (1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இருந்தது. எங்கள் கம்ப்ரசர் அறையில் அதை ஒருவரும் சொன்னதில்லை.)

இந்த வகைச் செவிக்குறையில் ஆள் பேசுவது கேட்கும், சொல் பிடிபடாது. ‘ஆ’, ‘ஓ’ போன்ற ஓசைகள் தடையின்றி வந்து சேரும். ‘ச’வும் ‘த’வும் வழியிலேயே நழுவிவிடும். ‘சட்டை’ என்றால் ‘அட்டை’ என்று விழும். எதிரில் இருப்பவர் குரலை உயர்த்திக் கத்துவார். கத்தினால் கேட்டுக்கொண்டிருந்த ஓசைதான் இன்னும் பெரிதாகுமே தவிர, நழுவிய எழுத்து வராது. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

மிஷின் மாட்டிய முதல் வாரம் எனக்குத் தண்டனை. ஸ்டீல் தட்டைத் தொட்டியில் போட்டால் மண்டையில் ஆணி அடித்தது போல இருந்தது. பால் கவரைக் கசக்குவது, நாற்காலியை இழுப்பது, மின்விசிறி என எல்லாமே பேச்சை முந்திக்கொண்டு வந்தன. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனைச் சொல்லவே வேண்டாம். நீண்ட காலம் கேட்காமல் இருந்த ஓசைகளில் வேண்டியது எது, வேண்டாதது எது என்று மூளை பிரித்துப் பழக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அமைதியான அறையில் தினம் கொஞ்ச நேரம், பிறகு ஒருவரோடு பேச்சு, அதன் பிறகே கடைத்தெரு என்று, செவித்திறனைச் சோதித்து மிஷினைச் சரிசெய்து தரும் ஒலியியல் நிபுணர் (ஆடியோலஜிஸ்ட்) படிப்படியாகப் பழக்கினார். நான் உறுத்துகிறது என்று சொன்ன ஒலியைக் கணினியில் குறைத்து, கேட்கவில்லை என்றதைக் கூட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் பொறுமை இழந்திருந்தால் என் மிஷின் அன்றே பீரோவுக்குள் போயிருக்கும்.

முகாமில் வாங்கிய மிஷின்களுக்கு இந்தக் கவனிப்பு எங்கே? காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். முகாமில் கொடுத்த கருவியின் காது அச்சு (காதுக்குள் செருகும் பகுதி) அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. தலையைத் திருப்பினால் ‘கீ’ என்று கத்தும். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து சீக்கிரமே அது ஊமையாகிவிட்டது. இரவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும் என்றோ, பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் சில நிமிடம் காற்றுப்பட விட்டுவிட்டுப் போட வேண்டும் என்றோ அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது ஏலத்தில் விரல்களைப் பார்த்துத்தான் விலையைத் தெரிந்துகொள்கிறார். அவருக்குக் கருவி கொடுத்ததாகக் கணக்கில் மட்டும் இருக்கும்.

சட்டப்படி, இரண்டு காதுகளிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வைத்த அளவு அது. அதற்குக் கீழே நிற்கும் என்னைப் போன்றவர்கள் சில ஆயிரத்திலிருந்து லட்சம் வரை விலை சொல்லும் கடைகளில்தான் போய் நிற்க வேண்டும்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே கையோடு, “காது எப்படி இருக்கிறது, மிஷினைப் போடுகிறீர்களா?” என்று கேட்கலாமே! திடீரென்று ஒரு காது அடைத்தால் சளி என்று நினைத்து எண்ணெய் ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. அது நரம்புக் கோளாறாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்குவது நல்லது. அதையும் அவர்களே சொல்லிவிட்டுப் போகலாம்.

பெரிய மருத்துவமனை என்றால் எங்கள் பக்கத்துக்கு ராயபுரத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான். மிஷினில் ஒலியைக் கூட்டிக் குறைக்க எண்ணூர்க்காரர் ராயபுரம் வரை பஸ் ஏறுவது என்ன நியாயம்? திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் மண்டலத்துக்கு ஒரு நகர்ப்புற சுகாதார நிலையத்திலாவது வாரம் ஒரு நாள் ஒலியியல் நிபுணரை மாநகராட்சி அமர்த்த வேண்டும். முகாம் நடத்தும் அமைப்புகளும், கருவியோடு சேர்த்து மறுபடி வர வேண்டிய தேதியையும் இடத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். காது சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று பெயரைக் கூவி அழைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டு, டோக்கன் எண் காட்டும் ஒரு பலகையை மாட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை – 19.