"மூன்றிலும் இயங்கும்" என்று ரீட்மீயில் எழுதுபவர்களுக்கு

திறந்த மூல சி, சி++ நூலகங்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உழைப்பை இலவசமாகத் தரும் உங்களிடம் குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் "லினக்ஸ், மேக்ஓஎஸ், விண்டோஸ் மூன்றிலும் இயங்கும்" என்ற அந்த வரியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். பல நூலகங்களின் பில்ட் கோப்பை (மூலநிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பை) பிரித்துப் பார்த்தால், அது லினக்ஸைத் தாண்டியதே இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

ஆப்பிள் கணினியின் டெவலப்பர் கருவிகளோடு வரும் ஜிஎன்யு மேக் என்ற பில்ட் கருவி, 2006இல் வெளியான 3.81 பதிப்பு. அதற்குப் பின் வந்தவை ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமத்துக்கு மாறிவிட்டன. ஆப்பிள் அந்தப் பக்கமே போகவில்லை. உங்கள் மேக்ஃபைலில் (ஜிஎன்யு மேக்குக்கான பில்ட் கோப்பில்) உள்ள, கட்டளை வரிகளை எல்லாம் ஒரே ஷெல்லில் ஓட்டச் சொல்லும் '.ஒன்ஷெல்' 3.82இல்தான் அறிமுகமானது. பழைய பதிப்பு அதைப் பார்த்து பிழை காட்டினாலாவது பரவாயில்லை. கட்ட வேண்டிய ஏதோ ஒரு டார்கெட்டின் பெயர் என்று எண்ணிக் கடந்துவிடும். பிறகு ஒவ்வொரு வரியும் தனித்தனி ஷெல்லில் ஓடும். முதல் வரியில் 'சிடி' போட்டு ஒரு ஃபோல்டருக்குள் போனது இரண்டாவது வரிக்குத் தெரியாது. அந்த இரண்டாவது வரி கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' என்றால்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வேறு ரகம். லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி கட்டினால் ஃபங்ஷன்கள் தாமாகவே வெளியே தெரியும். மைக்ரோசாஃப்ட்டின் கம்பைலரான எம்எஸ்விசியில் எதை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும் என்று சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டாலும் டிஎல்எல் (விண்டோஸின் ஷேர்டு லைப்ரரி) உருவாகிவிடும். லிங்க் செய்யத் தேவையான லிப் கோப்புதான் வராது.

"நாங்கள் சிமேக் என்ற பல தளப் பில்ட் கருவிக்கு மாறிவிட்டோமே" என்பீர்கள். சரி. ஐடிகே என்ற மருத்துவப் படக் கருவித்தொகுப்பைப் பல இயங்குதளங்களில் கட்டுவதற்காக 2000இல் தொடங்கப்பட்டதுதான் சிமேக். ஆனால் அதற்குள்ளும் ஜிசிசி கம்பைலருக்கான, எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் '-வால்' கொடியைக் கண்ணை மூடிக்கொண்டு திணித்தால், எம்எஸ்விசி அதை 'எல்லா எச்சரிக்கையும் காட்டு' என்று எடுத்துக்கொண்டு, தன் சொந்த ஹெடர்களைப் பற்றியே புலம்பித் தள்ளும்.

லினக்ஸ்காரர்களை மட்டும் சொல்லவில்லை. ஹெடர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தை மாற்றிப் போட்டு, மேக்ஓஎஸ்ஸில் ஓடிய தைரியத்தில் வெளியிடுபவர்களும் இருக்கிறார்கள். அது லினக்ஸில் கட்டாது.

கேட்பது இதுதான். பொதுக் களஞ்சியங்களுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிச் சோதனைச் சேவை மூன்று இயங்குதளங்களையும் இலவசமாகவே தருகிறது. வெளியீட்டுக்கு முன் மூன்றிலும் ஒருமுறை கட்டிப் பாருங்கள். அதற்கு நேரமில்லையென்றால் "லினக்ஸில் மட்டும் சோதித்தது" என்று எழுதிவிடுங்கள். மற்றதற்கான பேட்சை (திருத்தத்தை) நாங்கள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மூன்று இயங்குதளங்களுக்கும் பில்ட் பார்க்கும் ஒருவன்