படத்தில் இருப்பது பூர்வீகக் காடு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தீவின் மரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். இப்பொருளைத் தமிழில் எழுதுவோர் மொரீஷியஸில் அரிது என்பதால் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. ஆயினும், 'பூர்வீகக் காடு' என்ற குறிப்புடன் அச்சாகியுள்ள படத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்பது கோயாவ் தெ சீன் ('சீனக் கொய்யா') என்னும் அயல்நாட்டுச் செடி என்பதைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை.

செம்பழுப்பாய் வழவழவென்றிருந்து சுருள் சுருளாகத் தோல் உரியும் தண்டு, எதிரெதிராக அமைந்து தடித்துப் பளபளக்கும் இலை, பாக்களவுச் சிவப்புப் பழத்தின் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கும் புல்லி வட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஐயமே இல்லை. பெயரில் சீனா இருந்தாலும் இதன் தாயகம் பிரேசில். பருவம் வந்தால் பிளேன் ஷாம்பாஞ் பக்கம் குடும்பத்தோடு போய்ப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னாதவர் நம்மில் குறைவு, நானும் பறிப்பவள்தான். ஆனால் குரங்கும் பன்றியும் பறவையும் விதையைப் பரப்ப, இச்செடி புதராய் மண்டி, அடியில் வேறு நாற்று எழும்பவிடாமல் செய்கிறது. நல்ல நிலையிலுள்ள இயற்கைக் காடு தீவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட எஞ்சவில்லை என்னும்போது, அதை அழிக்கும் செடியின் படத்துக்கே அதன் பெயரை இடுவது சிறு பிழை அன்று.

கட்டுரையாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நாவல் குடும்பத்தைச் சேர்ந்த நம் தீவுக்கே உரிய மரங்கள் சிலவற்றுக்கும் எதிரெதிர் இலைதான் என்பதால், இலையமைப்பை மட்டும் பார்ப்பவர் எவரும் ஏமாறுவார். நானே இதைவிட மோசமாக ஏமாந்திருக்கிறேன். தமிழாசிரியையாக இருந்த காலத்தில் மாணவர்களை ஒரு நாற்றங்காலுக்கு அழைத்துச் சென்று, இரு தொட்டிகளைக் காட்டி, இவை இரு வேறு செடிகள் என்று நெடுநேரம் விளக்கினேன். ஒன்றில் சிவந்த நடுநரம்போடு கத்தி போல் நீண்டு ஒடுங்கிய இலைகள். மற்றதில் முட்டை வடிவில், ஓரம் மெல்லப் பல்வெட்டிய பச்சை இலைகள். அங்கு வேலை செய்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பின்புறம் அழைத்துப்போய், ஒரே மரத்தின் அடித்தூரில் முதல்வகை இலையையும் உச்சிக் கிளையில் இரண்டாம் வகையையும் காட்டினார். இரண்டும் ப்வா தோலிவ் என்னும் ஒரே மரம்! இளமையில் ஓர் உருவமும் முதுமையில் வேறு உருவமும் கொள்ளும் இவ்வழக்கம் மொரீஷியஸ், ரெயூனியன், ரோட்ரிக்ஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகளின் செடிகள் பலவற்றுக்கு உண்டு. முன்பு இங்கு மேய்ந்த பெரிய ஆமைகளின் வாயிலிருந்து இளஞ்செடி தப்புவதற்கான உபாயம் அது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

மாணவர் கண்ணைக் குறைவாக எண்ண வேண்டாம். அழிந்துவிட்டதென்று நம்பப்பட்ட காஃபே மரோன் செடியின் கிளையை 1980 வாக்கில் ரோட்ரிக்ஸில் தம் ஆசிரியரிடம் கொண்டுவந்தவர் ஒரு பள்ளிச் சிறுவர்தாம். உலகில் அந்த ஒரே செடிதான் எஞ்சியிருந்தது. பின்பு லண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற அதன் போத்திலிருந்தே இனம் பெருகியது.

கட்டுரையில் வேம்பையும் முருங்கையையும் கறிவேப்பிலையையும் 'நம் மரங்கள்' என்று போற்றியிருப்பது உள்ளத்துக்கு இதம். நம் முருங்கையைக் கிரியோல் பேசுவோரும் 'முரூம்' என்றே வாங்கிப் போகிறார்கள். ஆனாலும் அவை இந்தியாவிலிருந்து வந்து இங்கே குடியேறியவை, நம்மைப் போல. தீவின் காட்டில் நமக்கு உறவு தேட வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேடலாம். டச்சுக்காரர் வெட்டிக் கப்பலேற்றிய எபேன், நம் கருங்காலியின் இனம். தகமாக்கா, நெய்தல் பாட்டில் மாணவர் படிக்கும் புன்னைக்குச் சொந்தம். நடுநரம்பிலிருந்து சீப்புப் பல் போல் நெருங்கிச் செல்லும் பக்க நரம்புகளை இரண்டிலும் விரலால் தடவிப் பார்க்கலாம். இருந்தாலும் தகமாக்காவைப் புன்னை என்றே எழுதிவிடக் கூடாது. உறவு வேறு, ஆள் வேறு. கிரியோல் பெயரைத் தமிழ் எழுத்தில் தந்து, அறிவியல் பெயரையும் உடன் இட்டால், ஐயமுள்ளவர், உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ரெது ஊரிலுள்ள மொரீஷியஸ் உலர்தாவரகத்தில் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவீர்களாயின், அப்படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். இடது ஓரத்தில் பாதி வெட்டுண்டு நிற்கும் கறுத்த பட்டை மரம் எபேனாக இருக்கலாம் என்று எனக்கு ஐயம். இலைகள் மாறிமாறி அமைந்துள்ளனவா என்பது அச்சில் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்