பாலிங்கில் ரப்பர் எது, காடு எது

அன்புள்ள மகனுக்கு,

ஆயர் ஈத்தாமில் எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தண்ணீர்மலைப் படி ஏறுவதை மட்டும் கொஞ்ச நாளைக்கு விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நெதர்லாந்திலிருந்து நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆற அமரப் படி.

நீ சொன்னது இரண்டு குறை. இரண்டு படத்தை ஒரே முப்பரிமாணக் காட்சியாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பில் கண்ணை வைத்து, விமானத்திலிருந்து எடுத்த வான்படம் பார்க்கும் பாடம் வீண், கண் வலிக்கிறது, இந்தக் காலத்தில் இதை யார் செய்கிறார்கள் என்பது ஒன்று. செயற்கைக்கோள் படத்தைக் கணினியில் வகைப்படுத்தி நீ போட்ட கெடா மாநிலத்துப் பாலிங் வரைபடத்தில் மொத்தத் துல்லியம் 80 சதவீதத்துக்கு மேல் வந்தும் ரப்பரும் காடும் கலந்து கிடக்கிறது, பேராசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்பது இன்னொன்று. நீ தனித்தனியாகத்தான் சொன்னாய். எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகப் படுகிறது.

முதலில் அந்த 80 சதவீதம். நீ எடுத்த பரப்பில் பாதிக்கு மேல் காடு என்று நீயே சொன்னாய். அப்படியானால் எல்லா இடத்தையும் காடு என்று எழுதி வைத்தாலே பாதி மதிப்பெண் வந்துவிடும் இல்லையா? அதனால் மொத்தக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு ரப்பரை மட்டும் பார். நிலத்தில் ரப்பராக இருக்கும் புள்ளிகளில் எத்தனையை உன் வரைபடம் ரப்பர் என்று காட்டியது? உன் வரைபடம் ரப்பர் என்று காட்டிய இடங்களில் எத்தனை நிஜமாகவே ரப்பர்? இரண்டும் வேறு வேறு எண்ணாக வரும். பேராசிரியர் கேட்பது அதைத்தான், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சரி, படம் எந்த மாதத்தது? நீ சொல்லவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். மேகமில்லாத படமாகத் தேடி எடுத்திருப்பாய். பினாங்கு, கெடா பக்கம் வானம் தெளிவாக இருப்பது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான். ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும் அதே சமயத்தில்தான். அதுவும் எல்லாத் தோட்டமும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை. மரத்தின் இனம், வயது, அந்த வருஷத்து வெயில் எல்லாம் சேர்ந்து முன்னே பின்னே ஆகும். ஒரு தோட்டம் மொட்டையாக நிற்கும், பக்கத்துத் தோட்டம் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கும், அதற்கடுத்தது இலையோடு அப்படியே இருக்கும். உன் பாட்டி பால் சீவிய காலத்தில் இதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது. இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். எந்த நிரை எப்போது கொட்டும் என்று தெரியாமல் குடும்பம் நடத்த முடியாது.

நீ என்ன செய்திருப்பாய்? மொட்டையாக நின்ற ஒரு தோட்டத்தில் மாதிரிப் புள்ளிகளை எடுத்து, இதுதான் ரப்பர் என்று கணினிக்குக் காட்டியிருப்பாய். அது சொன்னபடி செய்தது. இலையோடு நின்ற ரப்பரையெல்லாம் காட்டுக்குள் தள்ளிவிட்டது. அகச்சிவப்பில் பார்த்தால் பச்சை இலை எல்லாமே பளிச்சென்று திருப்பி அடிக்கும், அது காட்டு மரத்து இலையா ரப்பர் இலையா என்று அந்த ஒரு நாள் படத்துக்குத் தெரியாது.

அதனால் ஒரே நாள் படத்தோடு நிற்காதே. பிப்ரவரிப் படத்தோடு, இலை முழுசாக விட்ட பிறகு வந்த இன்னொரு படத்தையும் எடு. இரண்டுக்கும் என்டிவிஐ, அதாவது பச்சை இலை எவ்வளவு என்று காட்டும் எண், கணக்குப் போட்டுக் கழித்துப் பார். காடு அதிகம் மாறாது. ரப்பர் விழுந்து எழும். பிப்ரவரிக்குள் உதிர்க்காமல் நின்ற தோட்டம் தப்பிவிடும் என்று தோன்றினால் மார்ச் படம் ஒன்றையும் சேர்த்துக்கொள். மழைக்காலத்தில் முழுப் படம் கிடைக்காது என்பாய். சென்டினல்-2 செயற்கைக்கோள் இப்போது 5 நாளுக்கு ஒரு தடவை வருகிறது, துண்டு துண்டாகவாவது மேகமில்லாத இடத்தைச் சேர்க்கலாம். சென்டினல்-1 ரேடாருக்கோ மேகம் ஒரு பொருட்டே இல்லை.

இப்போது ஸ்டீரியோஸ்கோப்புக்கு வருகிறேன். நிறம் ஒன்றாகத் தெரியும் இடத்தில் உயரம் காட்டிக்கொடுக்கும், அதற்காகத்தான் அந்தப் பாடம். ரப்பர் தோட்டம் ஒரே வருஷத்தில் நட்டது. மேலிருந்து பார்த்தால் கத்தரி போட்டுச் சமமாக வெட்டியது மாதிரி இருக்கும். காடு அப்படி இல்லை. பெரிய தலை, சின்னத் தலை, நடுவில் கூட்டத்தை விட்டு மேலே எழுந்து நிற்கும் ஒற்றை மரம், அதன் பக்கத்தில் இருட்டுக் குழி. ஒரு தடவை இதை முப்பரிமாணத்தில் பார்த்துவிட்டால் அப்புறம் தட்டையான படத்திலும் கண் அதைத் தேடும்.

கண் வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் படத்தை வைக்கும் விதம். விமானம் பறந்த கோட்டின் போக்கிலேயே இரண்டு படத்தையும் வரிசையாக வை. அடுத்தடுத்த படங்கள் ஏறக்குறைய 60 சதவீதம் ஒன்றையொன்று மூடும்படி எடுத்திருப்பார்கள், அந்தப் பொதுப் பகுதியில் ஒரு சாலைச் சந்திப்பைப் பிடி. இடது படத்தில் அதன் மேல் இடது ஆள்காட்டி விரல், வலது படத்தில் அதே சந்திப்பின் மேல் வலது விரல். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே படத்தை மெல்ல நகர்த்து. இரண்டு விரலும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்தி, விரலை எடுத்துவிட்டுக் காத்திரு. அவசரப்பட்டுக் கண்ணைச் சுருக்காதே. நிலம் தானாக எழுந்து வரும். கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டீரியோஸ்கோப்பில் மலைச்சரிவு எழுந்து தெரிந்த கணத்தில் கையை நீட்டித் தொடப் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் உனக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒன்று மட்டும் நினைவில் வை: அதில் மலை உள்ளதைவிடச் செங்குத்தாகத் தெரியும், சரிவைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாதே.

அளவுக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார். கேமராவின் குவியத் தூரம் 152 மில்லிமீட்டர், விமானம் நிலத்திலிருந்து 3,040 மீட்டர் உயரம் என்றால் படத்தின் அளவு விகிதம் 1:20,000. படத்தில் 1 மில்லிமீட்டர் நிலத்தில் 20 மீட்டர். பாமாயில் தரும் செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள், ஆக மரத்துக்கு மரம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உருப்பெருக்கியில் ஒவ்வொரு தலையும் நட்சத்திரமாகத் தெரியும், எண்ணிவிடலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் பிக்ஸலில் அதே செம்பனை ஏறக்குறைய 13 மரம் அடங்கிப்போகும். சென்டினலின் 10 மீட்டரில் பிக்ஸலுக்கு ஒன்றிரண்டு மரம், நட்ட வரிசை மறைந்து வெறும் பச்சைதான் மிஞ்சும். அதனால் மாதிரிப் புள்ளி எடுக்கும்போது வான்படத்தில் பார்த்து உறுதிசெய்து எடு. கணினி கற்றுக்கொள்வது நீ காட்டும் புள்ளியிலிருந்துதான், அந்தப் புள்ளி உன் கண்ணிலிருந்து வருகிறது.

நிழலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அங்கே உனக்கு இதில் குழப்பம் வரலாம். நெதர்லாந்தில் நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். நம் பக்கம் அப்படி இல்லை. சென்டினல்-2 சூரிய நேரப்படி காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது. ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில், நிழல் வடமேற்கே. ஜூனில் சூரியன் வடகிழக்கில், நிழல் தென்மேற்கே. வடக்கை மேலே வைத்து நம் பினாங்குக் கொடிமலையைப் பார், ஜூன் படத்தில் மலை மலையாக நிற்கும், ஜனவரிப் படத்தில் முகடெல்லாம் பள்ளமாகத் தோன்றும். அப்படித் தெரிந்தால் படத்தைத் தலைகீழாகத் திருப்பு, நிழல் உன்னை நோக்கி விழட்டும், சரியாகிவிடும்.

நீ இருக்கும் நாட்டுக்கு இந்த வேலையில் பெரிய பேர் உண்டு, தெரியுமா? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரதமராக இருந்த ஷெர்மர்ஹோர்ன் ஒரு சர்வேயர். 1950இல் வளரும் நாட்டுக்காரர்களுக்கு வான்படம் படிக்கச் சொல்லிக்கொடுக்க டெல்ஃப்டில் ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் பிறகு என்ஸ்கெடே நகருக்குப் போனது. எங்கள் காலத்தில் வான்படம் கட்டுப்பாட்டில் உள்ள ஆவணம், அலுவலகத்தைத் தாண்டி வெளியே போகாது. 2008இலிருந்து லேண்ட்சாட் படங்கள் முழுக்க இலவசம், 1972 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். உன் வயதில் எனக்குக் கிடைக்காத வாய்ப்பு இது, ஐயா. அதை நிறத்தை மட்டும் பார்த்து ஓட்டிவிடாதே.

ஒரு வேலை செய். சந்தேகப் புள்ளிகளைத் தேர்ந்தெடு. கணினி காடு என்றது, உன் கண் ரப்பர் என்றது, அப்படி முரண்படும் இடங்களாகப் பார்த்து எடு. ஒவ்வொன்றுக்கும் முதலில் கண்ணில் பட்டதை எழுது: நிறம், மேற்பரப்பு, நிழல், பக்கத்தில் சாலையோ தொழிலாளர் குடியிருக்கும் லயமோ உண்டா. இது என்ன மரம் என்று அப்புறம் எழுது. எனக்கு அந்தப் புள்ளிகளின் அட்ச, தீர்க்க ரேகை எண்களை மட்டும் அனுப்பு, உன் முடிவைச் சொல்லாதே. மாமா அடுத்த மாதம் கூலிம் வழியாகப் பாலிங் போகிறார், நானும் கூடப் போகிறேன். சாலையை ஒட்டிய புள்ளிகளாக இருந்தால் நல்லது, தோட்டத்துக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நின்று மரத்தையும் தரையையும் படம் எடுத்து, எண் போட்டு அனுப்புகிறேன். மாமா போகும் தேதி இன்னும் முடிவாகவில்லை, அதனால் இந்த வாரக் கடைசிக்குள் அனுப்பிவிடு.

அங்கே குளிர் எப்படி? காலையில் பசியாறாமல் வகுப்புக்கு ஓடாதே.

அன்புடன்,
அம்மா