ஜெரிக்கு ஒரு நாள் போதாது, அண்ணி

அன்புள்ள அண்ணிக்கு,

பிரேசிலின் ஃபோர்தலேசா நகரத்தில் அலுவலக வேலை முடிந்ததும் உங்களை ஜெரிகொவகொவாரா என்ற கடற்கரை ஊருக்கு ஒரே நாளில் அழைத்துப் போய்த் திரும்பிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போகவே ஐந்தாறு மணி நேரமாகும். வழியில் உள்ள ஜிஜோகா ஊருக்குப் பிறகு தார்ச்சாலையும் கிடையாது. மணலில் ஓடக்கூடிய பெரிய ஜீப்புக்கு மாறி, மணல்மேடுகளுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போக வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த உடனே கிளம்புவதா? நான்கு இரவாவது தங்குங்கள்.

எல்லோரும் ஜெரி என்றே சுருக்கிக் கூப்பிடும் அந்த ஊரை ஆள்வது காற்றுதான். நீங்கள் போவதோ ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று வளர்ந்த நமக்கு அந்தக் காற்று அந்நியமாகத் தோன்றாது. ஜூலையில் வலுக்கத் தொடங்கி ஆண்டுக் கடைசி வரை கிழக்கிலிருந்து வீசிக்கொண்டே இருக்கும். காற்றின் விசையில் கடல்மேல் சறுக்கும் பாய்ச்சறுக்கு, பட்டச்சறுக்கு வீரர்கள் உலகெங்கிலும் இருந்து இதற்காகவே வருகிறார்கள். பிரேயா கடற்கரைப் பக்கம் ஒரு கண்டல் மரம் இருக்கிறது. காற்று தள்ளித் தள்ளி அடிமரம் மணலோடு படிந்து, கிளைகள் எல்லாம் மேற்கே சாய்ந்து கிடக்கின்றன. சோம்பல் மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது உழைத்துக் களைத்த மரமாகத்தான் தெரிந்தது. எதிர்ப் பக்கத்தில், தாதாஜூபா என்ற மீனவக் கிராமத்தின் கதை இன்னும் கடுமையானது. நகர்ந்து வந்த மணல்மேடு பழைய ஊரை அப்படியே மூடிவிட்டது. மக்கள் தள்ளிப்போய்ப் புது ஊர் அமைத்துக்கொண்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நீங்கள் பார்க்கப்போகும் அந்திச் சூரியன் மணல்மேடும் கரைந்து போய்க்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் பல மாடி உயரம் நின்ற மேடு அது. காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் தள்ளிவிட்டது. இன்று மிகவும் தாழ்ந்துவிட்டது. இன்னும் சில ஆண்டுகள் கழித்துப் போகலாம் என்று தள்ளிப்போடக்கூடிய இடமில்லை. மாலை ஐந்து மணிக்கே கிளம்பி மேற்கே கரையோரமாக நடந்துவிடுங்கள். பிரேசிலின் கடற்கரை பெரும்பாலும் கிழக்கு பார்த்தது. அங்கே கடலில் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம், மறைவதைப் பார்ப்பது அரிது. கரை வளைந்து வடக்கு நோக்கும் ஜெரியில் அது கிடைக்கிறது. சூரியன் முழுகியதும் கூட்டம் கைதட்டும். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து நானும் தட்டினேன், மனதாரத் தட்டினேன். அது முடிந்து இறங்கி வரும்போது கடற்கரையில் கபொயெய்ரா என்ற பிரேசிலின் தற்காப்பு நடனம் ஆடுகிறவர்கள் வட்டம் கூடியிருப்பார்கள், நின்று பாருங்கள்.

ஊருக்குள் தெருக்கள் எல்லாம் மணல். மின்சாரமே 1998இல்தான் வந்தது; கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தார்கள், தெருவிளக்கு வைக்கவில்லை. கடைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் கசியும் வெளிச்சம்தான் வழிகாட்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

பெட்ரா ஃபுராடா என்ற துளைப்பாறைக்கு நடந்தே போங்கள். கடல் உள்வாங்கியிருக்கும் நேரம் பார்த்துக் கரையோரமாகப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அடையலாம். நீர் ஏறிவிட்டால் குன்றின் மேல் பாதைதான். ஜூலையை ஒட்டிய சில வாரங்களில் மட்டும் அந்தப் பாறை வளைவின் துளைக்குள்ளே சூரியன் இறங்கும். உங்கள் பயணம் அந்த நாட்களில் அமைந்தது அதிர்ஷ்டம்தான். இது எல்லாமே தேசியப் பூங்கா, 2002இல் அறிவித்தார்கள். மணல்மேடுகளில் பாதை விட்டு வண்டி ஓட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். இருக்கும் மணலையாவது விட்டுவைப்போம்.

மழை ஓய்ந்த கையோடு போவதால் மணல்மேடுகளுக்கு இடையே உள்ள ஏரிகள் நிறைந்திருக்கும். பாரைசோ ஏரியில் தண்ணீருக்குள்ளேயே கம்பம் நட்டுத் தூளி போலத் துணித் தொட்டில்களைக் கட்டியிருக்கிறார்கள். படுத்தால் முதுகு நனையும். நல்ல தண்ணீர், உப்பு இல்லை. கரையில் உள்ள உணவகங்களில் விலை அதிகம். காலையிலேயே போய்விட்டால் கூட்டமாவது குறைவு.

காலைச் சாப்பாட்டுக்குத் தபியோகா கேளுங்கள். சற்றே ஈரமான மரவள்ளி மாவைச் சுட்ட கல்லில் சல்லடை வழியே தூவுகிறார்கள். எண்ணெய் கிடையாது, கரைப்பதும் கிடையாது. மாவு தானாகவே ஒட்டிக்கொண்டு வெள்ளை அடையாகிவிடும். தேங்காய்த் துருவலும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தருவார்கள். மரவள்ளியும் தென் அமெரிக்க மண்ணிலிருந்து நமக்கு வந்ததுதான்.

பண்ருட்டிக்காரரான உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது முந்திரி. அதன் பிறப்பிடமே பிரேசில்தான். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஜெரி இருக்கும் சியாரா மாநிலத்தில் போகும் வழியெல்லாம் முந்திரித் தோப்புகள். நாம் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறோம். அங்கே பழத்துக்கும் மரியாதை உண்டு. ஜூலையில் பழக்காலம் தொடங்கியிருக்காது என்றாலும், உறைய வைத்த பழக்கூழில் எடுத்த சாறு எந்நாளும் கிடைக்கும். குளிரக் குளிர ஒரு குவளை குடியுங்கள். அந்தத் துவர்ப்பு நாக்கில் பட்டதும் உங்கள் அப்பாவின் தோப்பு நினைவுக்கு வரும்.

ஜூலை அங்கே பள்ளி விடுமுறைக் காலம். அறைகள் சீக்கிரம் நிறைந்துவிடும். ஊருக்குள் நுழையச் சுற்றுலா வரியும் உண்டு. அண்ணனிடம் இந்த வாரமே பேசி, நான்கு இரவுக்கு அறை பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் தொலைபேசியை என்னிடம் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்